அணைந்த கணினியில் ஓடிய முகூர்த்தம்

எனக்குப் பேய் பயம் கிடையாது. உண்மையைச் சொன்னால் சாமி பயமே கொஞ்சம் குறைச்சல்தான். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவனுக்கு இருக்கிற ஒரே பயம், தாலி கட்டுகிற நேரத்தில் கரண்டு போய்விடக் கூடாது என்பது. சுடுகாட்டை ஒட்டின மண்டபத்தில் தனியாகப் படுத்து உறங்கியிருக்கிறேன், புளியமரத்தடியில் வண்டி பஞ்சராகி விடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன், ஒரு கொலுசுச் சத்தம்கூட எனக்குக் கேட்டதில்லை. யாராவது அந்த மாதிரி கதையை ஆரம்பித்தால் நான் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிடுவேன். அதனால் இதைக் கேட்கும்போது நீங்கள் போனை எடுத்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இது இருட்டில் நடந்ததில்லை. பட்டப்பகலில், நாதஸ்வரம் காதைக் கிழிக்க, மண்டபம் நிறைய ஆள் உட்கார்ந்திருக்க, கேசரி வாசத்துக்கு நடுவில் நடந்தது. பேய்க்கதைக்கு வேண்டிய ஒரு லட்சணமும் இதற்குக் கிடையாது, அதனால்தான் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சிம்மக்கல்லில் மொத்த வியாபாரக் கடைகள் இருக்கிற ஒரு சந்தில், மாடியில், எங்கள் ஸ்டூடியோ. எங்கள் என்றால் நானும் என் மனைவி கனியும். அவளுக்குக் கேமரா, எனக்குக் கணினி. கேமராவைத் தோளில் வைத்தால் அவள் கை ஒரு நூல் அசையாது, என் கை தண்ணீர் டம்ளரைப் பிடித்தாலே ஆடும், அதனால் கல்யாணமான புதிதிலேயே வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டோம்.

அந்தக் கணினியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது எவ்வளவு நடக்க முடியாத விஷயம் என்பது உங்களுக்குப் புரியாது. பார்ப்பதற்கு ஒரே பெட்டி. ஆனால் அதற்குள் இரண்டு கணினிகள். வெளியே இருப்பது லினக்ஸில் ஓடுகிற நிஜக் கணினி. அதன் வயிற்றுக்குள், மென்பொருளாலேயே கட்டின இன்னொரு கணினி, அதில் விண்டோஸ் ஓடும். எடிட்டிங், நேரடி ஒளிபரப்பு எல்லாம் அந்த உள்கணினியில்தான். வீட்டுக்காரர் கீழே, குடியிருக்கிறவர் மாடியில் என்று வைத்துக்கொள்ளுங்களேன். சாதாரணமாக இப்படிச் செய்தால் மாடியில் இருப்பவர் நொண்டிக்கொண்டுதான் நடப்பார், ஏனென்றால் நிஜமான கிராபிக்ஸ் கார்டு அவர் கைக்கு வராது, எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும். அதற்குத்தான் பாஸ்த்ரூ என்று ஒரு வழி இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டையும், கேமரா வயர் வந்து சொருகுகிற கார்டையும் உள்கணினிக்கே முழுசாக விட்டுக்கொடுத்துவிடுவது. மாடிச் சாவியைக் கொடுத்த பிறகு வீட்டுக்காரர் அந்த அறைக்குள் நுழைய முடியாது இல்லையா, அதே மாதிரி வெளிக்கணினியால் அந்தக் கார்டுகளைத் தொடக்கூட முடியாது. உள்கணினி ஓடினால்தான் பெட்டிக்குக் கண் உண்டு. அது அணைந்துவிட்டால் கேமரா எதைப் பார்த்தாலும் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எனக்கு அமைத்துக் கொடுத்தவன் என் நண்பன் கதிரேசன். கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ணுகிறவன், வாயைத் திறந்தால் நக்கல்தான் வரும். ரெண்டு ஞாயிற்றுக்கிழமை என் கடையிலேயே கிடந்தான். கடைசியில் ஒரு சாயங்காலம், அதுவரை கறுப்பாகவே கிடந்த இரண்டாவது மானிட்டரில் உள்கணினியின் திரை பளிச்சென்று வந்தபோது நாங்கள் மூன்று பேரும் போட்ட கூச்சலில் கீழே வெல்லக் கடைக்காரர் என்னவோ ஏதோவென்று மாடிக்கு ஓடி வந்துவிட்டார். கனி எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கி வந்தாள். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி உயிரோடு உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம், அன்றைக்குச் சும்மாவே அதை நாலு தடவை அணைத்து அணைத்துப் போட்டேன்.

ஒரே ஒரு குறை உண்டு. உள்கணினியை முறையாக அணைத்தால் பிரச்சினை இல்லை. அது திடீரென்று நின்றுவிட்டால், அந்த கிராபிக்ஸ் கார்டு பந்தியில் உட்கார மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நிற்கிற மாமா மாதிரி ஆகிவிடும். என்ன சொன்னாலும் திரும்ப வராது. மொத்தப் பெட்டியையும் அணைத்து முதலிலிருந்து போட்டால்தான் சமாதானம் ஆகும்.

செல்லப்பாண்டி எனக்குப் போன் பண்ணியது போன வைகாசிக்கு முந்தின வைகாசியில். பேரையூர்க்காரர், துபாயில் கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறார். தங்கை முத்துமாரிக்குக் கல்யாணம், இவருக்கு லீவு கிடைக்கவில்லை. அங்கே அவர்கள் இருக்கிற இடத்தில் வீடியோ கால் ஒழுங்காகப் போகாது, அதனால் நேரடி ஒளிபரப்பு வேண்டும் என்றார்.

"எனக்கு ஒருத்தனுக்குத்தாண்ணே. மத்த சனம் பூராம் மண்டபத்துலதான் இருக்கும். லிங்க்க எனக்கு மட்டும் அனுப்புங்க போதும்."

"ஒரே ஆளு பாக்குறதுக்கு இம்புட்டுச் செலவு எதுக்குங்க? பின்னால வீடியோவா அனுப்பிர்றேனே."



"அப்பாவும் அம்மாவும் பருத்திக் காட்டுக்குப் போயிருவாங்கண்ணே. எனக்கு எட்டு வயசுல இருந்து பாப்பா என் இடுப்புலதான் கெடந்தா. அவ கழுத்துல தாலி ஏறுற நேரத்துல நான் பாத்துக்கிட்டு இருக்கணும். முடிஞ்சப்பறம் பாத்து என்ன செய்ய?"

தேதியைக் குறித்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று விடிவதற்கு முன்பே பெட்டியைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். டி. கல்லுப்பட்டியில் நிறுத்தி டீ குடித்தோம். அங்கிருந்து பேரையூர் வரை இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், வெயில் ஏறுவதற்கு முன்னால் அந்த மண் ஒரு மாதிரி நீலமாகத் தெரியும், கனி கண்ணாடியை இறக்கிவிட்டு வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தாள். நல்ல நாளாக இருக்கும் என்று அப்போதே தோன்றிவிட்டது. இருந்தது, அதில் சந்தேகமே இல்லை.

மண்டபம் புதிதாகக் கட்டினது. மேடைக்கு வலது பக்கம் கீழே ஒரு மேசை போட்டுப் பெட்டியையும் இரண்டு மானிட்டரையும் வைத்தேன். ஒரு மானிட்டர் வெளிக்கணினிக்கு, ஒன்று உள்கணினிக்கு. இன்டர்நெட்டுக்கு இரண்டு கம்பெனி சிம், ஒன்று படுத்தாலும் இன்னொன்று இழுக்கும். கனி கேமராவோடு மேடைக்கு முன்னால் நின்றாள், அவளிடமிருந்து நீள வயர் என் பெட்டிக்கு. லிங்க்கை அனுப்பினதும் செல்லப்பாண்டியிடமிருந்து பதில் வந்துவிட்டது, படம் கண்ணாடி மாதிரி தெரிகிறது, ஃபோர்மேன் காலையில் பாதி நேரம் பர்மிஷன் கொடுத்திருக்கிறார், ரூமில் கூட இருக்கிறவர்களும் குளித்து வேட்டி கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று.

மணப்பெண்ணின் அம்மா என் மேசைக்கு வந்து இரண்டு மானிட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏந்தம்பி, எம் மகன் எதுல தெரியுறான்?"

"அவருக்கு நாமதாம்மா தெரிவோம். அவரு நமக்குத் தெரிய மாட்டாரு."

"அது என்னய்யா கூத்து. பொண்ணுப் புள்ள கதவு இடுக்குல இருந்து மாப்பிள்ளைய எட்டிப் பாக்குற கணக்கால்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு, கேமரா இருக்கிற திசையைப் பார்த்துக் கையை ஆட்டி, "சாப்ட்டியாடா" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவருக்கும் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

முத்துமாரி மேடைக்கு வரும்போது முதலில் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அண்ணன் பார்க்கிறாரா என்று புருவத்தால் கேட்டாள். நான் கட்டைவிரலைக் காட்டினேன். அதற்கப்புறம்தான் மனையில் உட்கார்ந்தாள். நம்பினால் நம்புங்கள், எவ்வளவோ கல்யாணம் எடுத்திருக்கிறேன், ஒரு பெண் அத்தனை நிம்மதியாக மனையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

தாலித் தட்டு சபையில் சுற்றி வந்து மேடை ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது.

ஜெனரேட்டர் இருக்கிறது, அதைப் போடுவதற்குள் தாங்க என்னிடம் யுபிஎஸ் இருக்கிறது, அதனால் முதலில் நான் பதறவில்லை. ஆனால் ஜெனரேட்டர் ஏறின வேகத்தில் விளக்கெல்லாம் ஒரு குதி குதித்தது, யுபிஎஸ் வீல் என்று கத்தியது, உள்கணினியின் திரை அப்படியே உறைந்து நின்றுவிட்டது. முத்துமாரி பாதி கண் மூடிய மாதிரி ஒரு படம். மவுஸை அசைத்தால் அசையவில்லை. வெளிக்கணினியிலிருந்து உள்கணினியை வலுக்கட்டாயமாக நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டேன். வரவில்லை. இன்னொரு தடவை. வரவில்லை. கார்டு முறுக்கிக்கொண்டது.

ஒரே வழிதான் பாக்கி. மொத்தப் பெட்டியையும் அணைத்தேன். இரண்டு மானிட்டரும் கறுப்பு. பெட்டியின் விசிறிகள் நின்றுபோய் அது வெறும் தகரமாக உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் விட்டு பொத்தானை அமுக்கினேன். அந்தப் பெட்டி எழுந்திருக்க எடுத்துக்கொள்கிற நேரம் உங்களுக்குத் தெரியாது, முதலில் வெளிக்கணினி சோம்பல் முறித்து எழ வேண்டும், அப்புறம் கார்டுகளை எடுத்து வைக்க வேண்டும், அதற்கப்புறம்தான் உள்கணினியின் முறை. கதிரேசனைத் திட்டினேன், என்னைத் திட்டினேன், பெட்டியின் மேல் கையை வைத்துக் குனிந்து, குழந்தையை எழுப்புகிற மாதிரி "எந்திரிடா ராசா, எந்திரிடா ராசா" என்று முணுமுணுத்தேன். என் பக்கத்தில் ஒரு ஆள் கிடையாது. இருந்திருந்தாலும் அந்த மேளச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று மேடையில் யாரோ சொன்னார்கள்.

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மஞ்சள் அரிசி பறந்து வந்து என் தலையில், கீபோர்டில், பெட்டியின் மேல் விழுந்தது. மண்டபமே எழுந்து நின்று அரிசி போட்டுக்கொண்டிருக்கிறது, என் முன்னால் இரண்டு கறுப்புத் திரை. துபாயில் ஒரு அறையில் வேட்டி கட்டி உட்கார்ந்திருக்கிற மனுஷனின் போனில் இப்போது என்ன தெரியும் என்று நினைத்துப் பார்த்தேன். சக்கரம் மாதிரி ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும்.

பெட்டி எழுந்து, உள்கணினி எழுந்து, ஒளிபரப்பு திரும்ப ஓட ஆரம்பித்தபோது மணமக்கள் மனையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். எல்லாம் முடிந்துவிட்டது. அந்த அம்மா என் மேசையைப் பார்த்து வருவது தெரிந்தது, முகம் எல்லாம் சிரிப்பு, நெற்றியில் வேர்வையும் குங்குமமும் கலந்து ஒழுகிக்கொண்டிருக்கிறது.

"தம்பி, எம் மகன் பாத்துட்டானாய்யா?"

இல்லைம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையில் இருந்த போன் அடித்தது. செல்லப்பாண்டிதான். அந்த அம்மாவுக்குக் காதில் வைத்துப் பேசிப் பழக்கமில்லை போல, ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"யம்மா, பாத்துட்டேன்மா." அவர் குரல் அழுகிறதா சிரிக்கிறதா என்று பிரிக்க முடியவில்லை. "மாப்ளைக்கு என்னம்மா கை அப்பிடி நடுங்குது. மொத முடிச்சு நழுவிப்போச்சுல்ல? அவரு தங்கச்சி வளையல் பாப்பா முடியில மாட்டிக்கிச்சே, அத எடுக்குறதுக்குள்ள அவரு ரெண்டாவது முடிச்சுக்கே போயிட்டாரு."

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். சுற்றி நின்றவர்கள், ஆமாய்யா, ஆமாய்யா, வளையல் மாட்டிக்கிச்சு என்று ஆளாளுக்குப் போனைப் பார்த்துக் கத்தினார்கள். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். முடிச்சு நழுவினதும் எனக்குத் தெரியாது, வளையல் மாட்டினதும் தெரியாது. மேடைக்குக் கீழேயே இருந்த நானே பார்க்காததை அவர் பார்த்திருக்கிறார்.

போனை வாங்கிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கினேன்.

"செல்லப்பாண்டி, நீங்க எதுல பாத்தீங்க?"

"நீங்க அனுப்புன லிங்க்லதாண்ணே."

"நடுவுல நிக்கலையா?"

"கரண்டு போனப்ப லேசா இருட்டாச்சு. அப்பறம் முன்னைய விடச் சுத்தமா வந்துச்சு. நல்லாச் செஞ்சீங்கண்ணே, கேமராவ அவுகளுக்குப் பின்னால கொண்டு போனது. நாம்பாட்டுக்கு மேடை மேலயே நிக்கிற மாதிரி இருந்துச்சு. முடிச்சுப் போடயில நான் இங்கிட்டு இருந்து 'பாப்பா'ன்னு கத்திட்டேன், கூட இருந்த பயலுக பூராம் சிரிச்சாய்ங்க. ஆனா அவ திரும்பிப் பாத்தாண்ணே. என்னையப் பாத்துச் சிரிச்சா."

நான் அடுத்துப் பேசுவதற்குள் அவரே சிரித்துக்கொண்டு கேட்டார்.

"அது சரி, யாரண்ணே அந்த ராசா? எந்திரிடா ராசா, எந்திரிடா ராசான்னு கெஞ்சிக்கிட்டே இருந்தீங்களே."

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். உடனே அவர் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினார், தன் போன் திரையை அப்படியே பிடித்தது.

படத்தின் மூலையில் எங்கள் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறது. அது உள்கணினி போடுகிற முத்திரை, வேறு யார் போனிலிருந்து அனுப்பினாலும் அது வராது. படம் மேடையின் பின்பக்கமிருந்து எடுத்தது. மாப்பிள்ளையின் முதுகு, தாலியைப் பிடித்த கை, பக்கத்தில் வளையலை விடுவிக்கிற அவர் தங்கை. முத்துமாரி கழுத்தைத் திருப்பி நேராகப் படத்துக்குள்ளிருந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவர்களுக்கு அப்பால், மேடைக்குக் கீழே, கேமராவைத் தோளில் வைத்துக் கனி நிற்கிறாள். எங்களிடம் இருப்பது அந்த ஒரே கேமரா, அதுவே படத்துக்குள் இருக்கிறது. அவளுக்குச் சற்றுத் தள்ளி மேசை, இரண்டு கறுப்பு மானிட்டர்கள், பெட்டியின் மேல் கையை வைத்துக் குனிந்திருக்கிற நான்.

யாரோ சொந்தக்காரப் பையன் போனில் எடுத்து அனுப்பியிருப்பான் என்றுதானே சொல்ல வருகிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு மேடையின் பின்னால் போனேன். பின்னால் என்று ஒரு இடமே இல்லை. பூ அலங்காரப் பலகையைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்திருந்தார்கள், ஒரு சீப்பை நுழைக்க முடியாது. அந்தப் படம் தெரிகிற அளவுக்குத் தள்ளி நிற்க வேண்டுமானால் சுவருக்குள்தான் நிற்க வேண்டும்.

பந்தியில் மணமக்கள் பக்கத்தில் போய் நின்றேன். முத்துமாரி மாப்பிள்ளைக்கு அப்பளம் ஊட்டிக்கொண்டிருந்தாள், சுற்றிலும் கேலி.

"பாப்பா, முடிச்சுப் போடயில ஏம்மா பின்னால திரும்புன?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "அது ஒண்ணுமில்லண்ணே. அண்ணன் கூப்பிட்டுச்சு. அதான்."

"எங்கன இருந்து?"

"பின்னால நின்னு" என்றாள், சாம்பார் ஊற்ற வந்தவருக்கு இலையில் இடம் காட்டிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்கிற மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீங்க இன்னும் சாப்டலையா, ஒக்காருங்கண்ணே" என்றாள்.

உட்கார்ந்தேன். அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி நான் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை. பயமாக இருக்க வேண்டிய நேரம்தான், ஆனால் இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அந்த அம்மா எனக்கு இரண்டு முறை பாயாசம் ஊற்றினார். இந்தப் பக்கம் ஒரு பெரியவர், அந்தப் பக்கம் ஒரு பெரியவர், செல்லப்பாண்டி அங்கே இருந்தே வளையலைக் கண்டுபிடித்துவிட்டான் என்று அதையே திருப்பித் திருப்பிப் பேசிச் சிரித்தார்கள். தப்பவே முடியாது என்று நினைத்த ஒரு இடத்தில் எவரோ என்னைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கிவிட்டுப் போன மாதிரி இருந்தது. கனியிடம் திரும்பி வரும்போதுதான் சொன்னேன். கல்லுப்பட்டி தாண்டினதும், "நல்லதுதானங்க நடந்துச்சு" என்றாள்.

மறுநாள் கதிரேசன் வந்தான். வரும்போதே, "என்ன மாப்ள, பெட்டியில முனி இறங்கிருச்சாம்ல" என்றுதான் ஏறி வந்தான். பெட்டியைக் குடைந்தான். மொத்தப் பெட்டியும் அணைந்து திரும்ப எழுந்திருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. ஒளிபரப்புத் தளத்தில் சேமித்திருந்த வீடியோவைப் பார்த்தோம், முத்துமாரி பாதி கண் மூடின இடத்தில் நின்று, மணமக்கள் சுற்றி வருகிற இடத்தில் திரும்ப ஆரம்பிக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. அப்புறம் கனியின் கேமராவில் பதிவானதை ஓட்டினோம். அதில் எல்லாம் இருந்தது, முன்பக்கத்திலிருந்து. முடிச்சு நழுவுகிறது, வளையல் மாட்டுகிறது, சட்டென்று முத்துமாரி பின்னால் திரும்பி அந்தப் பூப்பலகையைப் பார்த்து வாய் நிறையச் சிரிக்கிறாள். பலகையில் செவ்வந்திப் பூவைத் தவிர ஒன்றும் இல்லை.

கதிரேசன் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினான். நக்கல் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"மாப்ள, என்னா சிரிப்புடா அந்தப் புள்ளைக்கு" என்றான் கடைசியில். "இத நோண்ட வேணாம். டீ சொல்லு."

இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போன தீபாவளிக்குச் செல்லப்பாண்டி ஊருக்கு வந்தார். கையில் பேரீச்சம்பழப் பெட்டியோடு சிம்மக்கல் கடைக்கு ஏறி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நல்ல உயரம், கறுத்த முகம், வாய் ஓயாமல் பேசுகிற மனுஷர். முத்துமாரிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாய்மாமன் மடியில் வைத்து மொட்டை அடித்து அன்றைக்குத்தான் காது குத்தி முடித்திருந்தார்கள், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இருக்கிற படத்தைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். கனி சமோசா வாங்கி வந்தாள். பேச்சோடு பேச்சாக, அந்தக் கல்யாணப் படம் உங்கள் போனில் இன்னும் இருக்கிறதா, பார்க்கலாமா என்று கேட்டேன். எனக்கு அனுப்பினது சுருங்கி மங்கலாகத்தான் வந்திருந்தது. அவர் எடுத்துக் கொடுத்தார்.

விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் முத்திரைக்குக் கீழே, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டுகிற சின்னக் கண் மாதிரி ஒரு குறி இருக்கும். அதன் பக்கத்தில் இரண்டு என்று இருந்தது.

"அன்னைக்கு நீங்க ரெண்டு போன்ல பாத்தீங்களா?"

"இல்லண்ணே, ஒரே போனு. அதத்தான் கட்டில்ல சாத்தி வச்சு அம்புட்டுப் பேரும் பாத்தோம்."

"லிங்க்க வேற யாருக்காச்சும் அனுப்பினீங்களா?"

"யாருக்கண்ணே அனுப்ப? எல்லாரும்தான் மண்டபத்துல இருந்தாகளே" என்று சொல்லிவிட்டு, அடுத்த சமோசாவை எடுத்துக்கொண்டு குழந்தைக்கு வைத்த பேரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் எத்தனையோ கல்யாணம் ஒளிபரப்பிவிட்டோம். பெட்டி நன்றாகத்தான் ஓடுகிறது, கார்டையும் மாற்றிவிட்டேன். உள்கணினியின் மானிட்டரில் அந்தக் கண் குறியும் எண்ணும் வருகிற கீழ் மூலையில் மட்டும் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், அந்த இடத்தில் திரை லேசாகப் போய்விட்டது என்பேன். கனி மட்டும் கேட்பதில்லை. டேப் பழசாகி ஓரம் தூக்கினால், நான் சொல்லாமலே புதுசு கிழித்து அவளே ஒட்டிவிடுகிறாள்.